வவுனியாவில் நான் வண்டியைத் திருப்பவில்லை

பிள்ளை,

உன் நாவலை வாசித்து முடித்துவிட்டேன். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே புத்தகம் இதுதான் என்றால் நீ சிரிப்பாய். சிரி. இந்தக் கொழும்பில் எத்தனை பேருடைய புத்தக வெளியீட்டில் மேடையேறி முதற்பிரதி வாங்கியவன் நான் என்று உனக்குத் தெரியும். யாரோ ஒரு கவிஞர் கடைக்கு வருவார். கையில் அழைப்பிதழ் இருக்கும். 'முதற்பிரதி பெறுபவர், புறக்கோட்டை வர்த்தகர்' என்று என்னைக் கேட்காமலே என் பெயரை அச்சடித்துவிட்டுத்தான் வந்திருப்பார். மேடையில் பொன்னாடை போர்ப்பார்கள். நான் காசு வைத்த கவரைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்துப் படத்துக்கு நிற்பேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அதை அலுமாரியின் மேல்தட்டில் அடுக்குவாள். ஒருநாள் அவள் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, இதுகளில என்னதான் எழுதிக் கிடக்குது?" "வாங்கிறவனுக்கு அது தேவையில்லையப்பா" என்றேன். அப்படியான ஆளைத்தான் நீ இப்போது, ஊரே வாசித்த பிறகு கொழும்பில் வைக்கிற வெளியீட்டில், உன் புத்தகத்தின் முதற்பிரதி வாங்கக் கூப்பிட்டிருக்கிறாய். வருவேனா மாட்டேனா என்று அம்மாவிடம் மூன்று தரம் போன் எடுத்துக் கேட்டாயாம். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் கடைசியில் வரும். அதற்கு முன்னால் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

வாசிக்காதவர்களுக்காக உன் நாவலின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குத்தான் கொடுக்கப் போகிறேன். ஃபேன்சிச் சாமான் வியாபாரி ஒருவன் பதினாறு வயதுப் பிள்ளையை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிறான். ஆண்பிள்ளையென்று பெயர் வைத்து வளர்த்த பிள்ளை. தலைமயிரை வளர்த்து, நகத்துக்குப் பூச்சுப் பூசி, ஆண் என்றும் சொல்லாமல் பெண் என்றும் சொல்லாமல் தன்பாட்டில் இருக்கிற பிள்ளை. அதை, கையில் கம்பியோடு ஆட்களை மேய்க்கிற தம்பிக்காரனின் இரும்புக்கடையில் விட்டால் திருந்திவிடும் என்பது தகப்பனின் எண்ணம். வழியில் அவன் மெல்ல மெல்லப் பிள்ளையை அறிகிறான். வவுனியாவில் சலூன் வாசலில் வண்டியை நிறுத்துகிறான். தலைமயிரை வெட்டுவதற்காக நிறுத்தியவன், பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு கொழும்புக்கே வருகிறான். அந்த இடத்தில் வாசிக்கிறவர்கள் எல்லோரும் அழுகிறார்களாம்.

நான் திருப்பவில்லை. உனக்கு அது தெரியும், எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் தெரியும். மற்ற எல்லோருக்கும் நான் இப்போது திருப்பினவன்.

வீடு இருக்கிற வெள்ளவத்தையில் எனக்கு நடக்கப் பயமாக இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் பிரஷர் குளிசையைக் கையில் தந்துவிட்டு கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்களைப்போல ஒரு தகப்பன் எனக்குக் கிடைச்சிருந்தா" என்று சொல்கிறார். கோயிலில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், முன்பெல்லாம் என்னை, வளையல் விற்கிறவன் என்பதால், 'காப்புக்காரர்' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்புகிறவர், வரிசையில் எனக்கு முன்னிடம் விடுகிறார். உன் சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தான். "அண்ணை, வாசிச்சனீங்களோ? நீங்கள் நல்லாத் தப்பிட்டியள். என்னைத்தான் கையில இரும்புக் கம்பியோட நிக்க வச்சிருக்கு. நான் ஒருநாளாவது அதுக்கு அடிச்சனானோ?" என்றான். அடிக்கவில்லைத்தான். உனக்கு எட்டு மாதம் சோறு போட்டான். கடையில் ஆட்கள் சிரித்தபோது, "வேலையைப் பாருங்கோடா" என்று ஒருக்கால் சத்தம் போட்டவனும் அவன்தான் என்று நீயே அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாய். அவனைக் கம்பியோடு நிற்க வைத்தாய். என்னை வண்டியைத் திருப்ப வைத்தாய். இரண்டும் நடக்கவில்லை. அவனுக்கு வந்த கோபம் எனக்கு ஏன் வரக்கூடாது?

உனக்கு நான் போன் எடுத்தது அன்றுதான். எத்தனை வருடத்துக்குப் பிறகு நானாக எடுத்தேன் என்று நீ எண்ணியிருப்பாய். "ஏன் அப்பிடி எழுதினனீ?" என்று கேட்டேன். "அது கதை, அப்பா" என்றாய். "கதையெண்டா, என்ர வான்ர நிறம் அப்பிடியே கிடக்குது. தம்புள்ளைக் கடைக்கார மனுசி வெத்திலை போட்டுக்கொண்டு கதைக்கிறது அப்பிடியே கிடக்குது. நான் பிரேக் அடிக்கேக்கை முருகா எண்டு சொல்லுறது கூடக் கிடக்குது. அதொண்டு மட்டும் ஏன் கதை?" என்றேன். பின்னால் ஏதோ பஸ் ஹோர்ன் அடித்தது. பிறகு சொன்னாய்: "எனக்கு அப்பிடி ஒரு அப்பா தேவைப்பட்டது. இருக்கேல்லை. அதால எழுதினன்." அதற்குப் பிறகு, வெளியீட்டுக்கு வாறியளோ என்று நீ கேட்டது எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

வியாபாரி பாஷையில் சொல்கிறேன், கோபிக்காதே. கேளாதவனுக்குச் சாமானைச் சும்மா கொடுக்கக்கூடாது. சும்மா கொடுத்த சாமானை அவன் அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு மறந்துபோவான். மன்னிப்பும் அப்படித்தான். நான் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கிற துணிவு எனக்கு வந்திருக்குமோ வந்திராதோ, ஆனால் கேட்கிற உரிமை என்னுடையது. நீ அதை முந்திக்கொண்டு, என்னைக் கேட்காமலே என் பெயருக்கு எழுதி, ஊர் முழுக்க விற்றுவிட்டாய். இனி நான் யாரிடம் போய்க் கேட்பது? நல்லவனென்று அச்சடித்த ஆளிடம் யார் கணக்குக் கேட்பார்கள்?

ஊருக்கு முன்னால் நீ எழுதியதை நான் ஊருக்கு முன்னால்தான் திருத்த வேண்டும். அதனால் நடந்தது இது.

பள்ளிக்கூடத்தில் அதிபர் கூப்பிட்டார். உன் நகத்தைப் பற்றியும் தலைமயிரைப் பற்றியும் ஏதோ மரக்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். அது எனக்குச் சுடவில்லை. சுட்டது எங்கள் கடைத்தெரு ஒழுங்கையில், பக்கத்துக் கடை முதலாளி சொன்னது. சுமை தூக்குகிற நாட்டாமைகள் பெட்டி இறக்கிக்கொண்டு நின்ற நேரம், நான் உள்ளே நிற்பது தெரிந்தே சொன்னான்: "காப்பு விக்கிறவருக்கு என்ன கவலை, சாமான் வீட்டிலேயே செலவாகுதே." நாட்டாமைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் பிழையாய்ப் போனது. கோபித்திருந்தால் கோபம் அங்கேயே முடிந்திருக்கும். சிரித்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தலையணையில்லாமல் கடையின் மேல்தட்டில், ரிபன் பெட்டிகளுக்கு இடையில் படுத்து எழும்பி நான் கட்டிய கடை அது. கொழும்பிலும் வெளியிலும் பாதிப் பெண்களின் கையில் கிலுங்குவது என் சாமான். ஆனால் என் வீட்டில் ஒரு கை அதைப் போட்டபோது, எனக்கு ஏதோ களவு போனமாதிரி இருந்தது.

விடுமுறைக்கு லைனுக்கு வா என்றுதான் உன்னை ஏற்றினேன். லைன் என்றால் எங்களுக்கு, சாமானை வானில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குக் கொடுத்துப் போவது. பின்சீட்டுக்குக் கீழே அம்மா ஒரு பையில் உன் சேட்டுகளையும் காற்சட்டைகளையும் மடித்து வைத்திருந்தாள். நாலு நாள் பயணத்துக்கு அத்தனை சேட்டு எதற்கென்று நீ கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நீ பையைத் திறக்கவில்லை. நாவலில் குருநாகலில் டயர் பஞ்சரானது என்று எழுதியிருக்கிறாய். ஆகவில்லை. என் வானுக்குப் பஞ்சர் ஆவது வியாபாரத்துக்கு அவமானம். அதையும் திருத்திக்கொள்.

தம்புள்ளையில் அந்தச் சிங்கள மனுசியின் ஃபேன்சிக் கடையில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாய். கட்டாத தலைமயிர், மெல்லிய தாடை. அவள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "மே துவத, மஹத்தயா?" என்றாள். உங்கள் மகளா என்று. நான் 'ஓவ்', ஓம், என்றேன். ஏன் சொன்னேன் என்பதை நாவலில் நீ அழகாக எழுதியிருக்கிறாய், தகப்பனின் நெஞ்சுக்குள் ஏதோ திறந்ததாம். ஒன்றும் திறக்கவில்லை. விளங்கப்படுத்தப் போனால் நேரம் போகும், அவள் ஒருமாதிரிப் பார்ப்பாள், ஓடர் குறையும். அதுதான் காரணம். பிறகு அவள் கண்ணாடிக் காப்பைப் பெட்டிக்குள் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள், வாங்குகிற கண் இல்லை. பெட்டிக்குள் இருக்கிற காப்பு விற்காது, கையில் கிடந்தால்தான் விற்கும் என்று எனக்குத் தெரியும். "கையை நீட்டு" என்று உனக்குச் சொன்னேன். ரெண்டு நாலு சைஸ். நாவலில் ரெண்டு ஆறு என்று எழுதியிருக்கிறாய், பிழை. தூரத்தில் நின்று பார்த்தே சைஸ் சொல்கிறவன் நான், என் பிள்ளையின் கையை எனக்குத் தெரியாதா? பச்சையில் பொன்தூள் போட்ட காப்பு, ஒரு டசின், உன் கையில் வழுக்கிக்கொண்டு போனது. நீ கையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாய். யாரும் சொல்லித் தரவில்லை. அவள் "லஸ்ஸன துவெக்", வடிவான மகள், என்று உன் கன்னத்தைத் தொட்டாள். அந்தக் கடையில் அதற்கு முன் அத்தனை பெரிய ஓடர் எனக்குக் கிடைத்ததில்லை.

வண்டி தம்புள்ளையைத் தாண்டியது. பிறகு, "ஏன் அப்பா ஓம் எண்டு சொன்னனீங்கள்?" என்றாய். "சொல்லாட்டி ஓடர் தந்திருக்க மாட்டா" என்றேன். நீ யோசித்தாய். "அப்ப அடுத்த கடையிலையும் சொல்லுங்கோ" என்றாய். "கேட்டாச் சொல்லுறன்." "கேக்காட்டி?" "கேக்காட்டி நான் ஏன் சொல்ல?" "ஓடருக்கு" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். பிறகு நான் சிங்களத்தில் சாமான் விற்பதை நீ செய்து காட்டினாய். தலையை ஒரு பக்கம் சரித்து, "நோனா, மேக்க கொழும்பெ அலுத்ம மொடல்" என்று என் குரலிலேயே. அந்தக் 'கொழும்பின் ஆகப் புது மொடல்' ஆறு வருடமாகக் குடோனில் கிடந்தது என்பதும் உனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த கடையில் கேட்காமலே சொன்னேன். அதற்கு அடுத்த கடையிலும். தெருவோரச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறினவன் "நங்கிக்கு இன்னும் சோறு வைக்கவோ?" என்று உன்னைத் தங்கச்சியாக்கிக் கேட்டபோது, "வையுங்கோ, பெடிச்சி நல்லாச் சாப்பிடும்" என்றேன். அதில் ஓடர் ஒன்றும் இருக்கவில்லை.

அதுவரைக்கும் உன்னைத் தம்பி என்று கூப்பிட்டவன், அந்த இரண்டு நாளும் பிள்ளை என்று கூப்பிட்டேன். நீ வாயோயாமல் கதைத்தாய். உனக்கு இவ்வளவு கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சந்தோசமாக இருந்தேன், பிள்ளை. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன்னைக் கண்டு வெறுத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருந்தால், பிறகு செய்ததற்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும். நான் சந்தோசமாக இருந்துவிட்டுச் செய்தேன்.

மதவாச்சியில் தேத்தண்ணி குடித்தோம். அது தாண்டினால் தமிழ்க் கடைகள். அந்தக் கடைக்காரர்கள் எங்கள் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள், உன் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னவர்கள். எனக்கு ஒரு மகன் மட்டும்தான் என்று அவர்களுக்குத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேச்சை நிறுத்தினது உனக்கு விளங்கவில்லை. தலையிடி என்றேன். வவுனியாவில் சலூன் வாசலில் நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு, "இருங்கோ அப்பா, நான் குளிசை வாங்கிக்கொண்டு வாறன்" என்று கதவைத் திறந்தாய்.

"அங்கையில்லை. இஞ்சை" என்றேன்.

நீ சலூனைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்தானே?" என்றாய்.

"அது அங்கை."

உன் கேள்விக்கு நான் சொன்னது அவ்வளவுதான். உன் நாவலில் தகப்பன் அந்த இடத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் இரண்டு சொல் சொன்னேன். நீ அழவில்லை, கத்தவில்லை, ஓடவில்லை. ஓடியிருந்தால் நான் துரத்தியிருப்பேனோ என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். நீ கையிலிருந்த காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். ஒன்றும் உடையாமல், விரலைக் குவித்து, மெதுவாக. கழற்றி என் கையில் தந்து, "பெட்டியில வையுங்கோ அப்பா, விக்கிற சாமான்" என்றாய். வைத்தேன்.

சலூன்காரன் உன்னைக் கண்டுவிட்டு என்னிடம், "தங்கச்சிக்கு நேர்த்திக்கடனோ, ஐயா? மொட்டையோ?" என்றான். "தங்கச்சியில்லை, தம்பி" என்றேன். அவன் உன்னைத் திரும்பப் பார்த்துவிட்டு, பிறகு உன்னைப் பார்க்கவேயில்லை. எப்படி வெட்ட வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டான். ஆம்பிளைப் பிள்ளைக்கு வெட்டுகிற மாதிரி என்றேன். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்தேன். அதில் என்ன செய்தி இருந்தது என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது. சீனி விலை. உண்மையாகவே வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதற்குச் சொல்கிறேன்.

நாவலில் அந்தத் தகப்பன் திரும்பி வருகிற வழியில் காப்புகளை நீயே வைத்திரு என்கிறான். நான் அடுத்தநாள் காலை கிளிநொச்சியில் அந்த டசினை விற்றேன். எந்தக் கடையில் என்றும் சொல்லத் தெரியும். பொன்தூள் கொஞ்சம் உதிர்ந்திருந்ததால் கடைக்காரன் விலை குறைத்துக் கேட்டான். நான் குறைக்கவில்லை.

உன்னைச் சித்தப்பாவின் கடையில் இறக்கிவிட்டுத் தனியே திரும்பினேன். தம்புள்ளையில் நிறுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை, நிறுத்தினேன். அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "கோ துவ?" என்றாள். மகள் எங்கே என்று. படிக்க விட்டிருக்கிறேன் என்றேன். நீ நம்ப மாட்டாய், அதற்குப் பிறகு ஒவ்வொரு லைனிலும் அவள் கேட்டாள், ஒவ்வொரு தரமும் நான் பதில் சொன்னேன். மகள் பரீட்சை எழுதுகிறாள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல், அதனால் கூட்டிவரவில்லை. நீ சித்தப்பாவிடமிருந்து ஓடி, வீட்டுக்கும் வராமல் கொழும்பிலேயே மட்டக்குளியில் சிநேகிதர்களோடு ஒரு அறையில் இருந்த காலம், அம்மா எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறிய காலம், தம்புள்ளையில் மட்டும் உன்னைப் பற்றி நான் வாய் நிறையக் கதைத்துக்கொண்டிருந்தேன். இப்போது, கலியாணம் எப்போது என்று கேட்கிறாள். நீ ஒரு அப்பாவை எழுதினாய் என்று உன்மேல் கோபிக்கிறேன். நானும் ஒரு பிள்ளையைச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். உன்னுடையது அச்சில் வந்துவிட்டது, என்னுடையது ஒரு வெற்றிலைக்கார மனுசியின் கடைக்குள் கிடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே காலத்தில் ஒருநாள் நீ எங்கள் கடைத்தெருவால் போனாய். தலைமயிர் திரும்ப வளர்ந்திருந்தது. நீளப் பாவாடை. நாட்டாமை ஒருவன் விசிலடித்தான். நீ என் கடை வாசலுக்கு நேரே நின்று உள்ளே பார்த்தாய். அந்தப் பக்கத்துக் கடை முதலாளி என்னோடு நின்றான். "ஆர் அது? தெரிஞ்ச ஆளோ?" என்றான். "ஆரோ, சாமான் பாக்க வந்த ஆள்" என்றேன். உனக்குக் கேட்டதா? நாவலில் இது இல்லை. கேட்காததால் விட்டாயா, கேட்டதால் விட்டாயா என்று இரண்டு தரம் புத்தகத்தைப் புரட்டினேன்.

உனக்கு நான் புத்தி சொல்லக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் என்னை வைத்தே சொல்வது. தெரியாத ஊரில் உன்னோடு அன்பாக இருக்கிறவனை நம்பாதே. அது சுலபம், நான் செய்திருக்கிறேன். அவனைத் தெரிந்தவர்கள் நிற்கிற தெருவில் உன் பக்கத்தில் நடக்கிறானா என்று பார். வெளியீட்டு மண்டபத்தில் கை தட்டப் போகிறவர்களும் அதில் அடக்கம். புத்தகத்துக்காகக் கண்ணைத் துடைக்கிற மருந்துக்கடைக்காரர், உனக்குத் தன் மேல்வீட்டு அறையை வாடகைக்குத் தருவாரா என்று கேட்டுப் பார். நான் கேட்டேன். சிரித்துக்கொண்டு, "அது பேந்து யோசிப்பம், ஐயா" என்றார். அவரையும் என்னையும் ஒரே பெட்டியில் போடு. இன்னொன்று, அம்மாவுக்கு முழங்கால் இனிப் பஸ் ஏறாது. நீதான் வர வேண்டும். நான் வீட்டில் இருக்கிற நேரம் வருவதா இல்லாத நேரம் வருவதா என்பது உன் விருப்பம். பிற்பகலில் கடையில்தான் இருப்பேன்.

இனி பதில். முதற்பிரதி நான் வாங்க மாட்டேன். அதை அம்மாவுக்குக் கொடு. சேட்டுகளை மடித்து வைத்தவள் அவள்தான், அதில் அவளுக்கும் பங்குண்டு. ஆனால் சோற்றுப் பார்சலைக் கொண்டு வந்தவளும் அவள்தான். மேடைக்கு வா என்று நீ கேட்டால் வருவேன், ஒரு நிபந்தனையோடு. மைக்கை என் கையில் தர வேண்டும். வண்டி திரும்பவில்லை என்று சொல்வேன். காப்பை விற்றேன் என்றும் சொல்வேன். மருந்துக்கடைக்காரரும் டீச்சரும் அந்தப் பக்கத்துக் கடை முதலாளியும் இருக்க வேண்டும், அவனுக்கு அழைப்பிதழை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன்னை நான் அவர்களுக்கு என்னவென்று அறிமுகப்படுத்த வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல். புத்தகத்தின் பின்னட்டையில் தேடிப் பார்த்தேன், உன் ஊரும் தொழிலும்தான் போட்டிருந்தது. மகன் என்றோ மகள் என்றோ நானாகத் தீர்மானிக்கிற வேலையை வவுனியாவில் ஒருமுறை செய்துவிட்டேன். நீ சொல்கிறதைச் சொல்வேன். வெள்ளவத்தையில், தெரிந்த ஆட்களுக்கு முன்னால்.

நான் சொல்வதால் புத்தகம் விலைபோகாமல் போகும் என்று யாராவது உனக்குச் சொல்லக்கூடும். அப்படியென்றால் மேடை வேண்டாம், பின்வரிசையில் இருக்கிறேன். அதுவும் கரைச்சல் என்றால் வீட்டிலேயே இருக்கிறேன், அதற்கும் கோபிக்க மாட்டேன். ஆனால் வண்டியைத் திருப்பினவன் என்று சொல்லி அந்த முன்வரிசைக் கதிரையில் மட்டும் என்னை இருத்தாதே. அந்த ஆளை எனக்குத் தெரியாது. அவன் மண்டபத்துக்கு வந்தால், நான்தான் எழும்பி அவனுக்கு இடம் விட வேண்டும்.

அப்பா